புது ரயில் மாடல் அறிவிப்பு: முன்பதிவுப் பணம் கட்டும் முன் எதைப் பார்ப்பது?

ரயில் மாடல் தொழிலில் ஒரு இன்ஜினோ பெட்டியோ கடைக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு, சில சமயம் மூன்று ஆண்டுக்கு முன்பே அதன் அறிவிப்பு வந்துவிடும். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் வழக்கமாக ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ தொடங்கும் பொம்மைக் கண்காட்சியை ஒட்டிப் பெரிய கம்பெனிகள் அந்த ஆண்டுப் பட்டியலை வெளியிடும். இந்திய ரயில் மாடல்களைச் சிறிய அளவில் செய்பவர்கள் தங்கள் வசதிப்படி அறிவிப்பார்கள். இரண்டிலும் வாங்குபவர் கையில் இருப்பது ஒரு படம், நாலு வரி விவரம், ஒரு விலை. அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்ச விவரத்தை வைத்தே மாடல் எங்கே நன்றாக அமையும், எங்கே இடறும் என்று பெரும்பாலும் கணித்துவிடலாம். நிஜ வண்டியின் அளவு மாறப் போவதில்லை. தண்டவாள வளைவின் ஆரமும் பிளாஸ்டிக்கின் குணமும் எந்தக் கம்பெனிக்கும் வளைந்து கொடுக்காது. வடிவமைப்பவர் எங்கெங்கே சமரசம் செய்தாக வேண்டும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கிறோம். உதாரணங்களுக்குப் பெங்களூருவில் நாம் தினம் பார்க்கும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம்.

முதல் சிக்கல்: நம் அகலப் பாதை

எச்ஓ என்பது மாடல் ரயில்களின் ஒரு ஸ்கேல், அதாவது சுருக்க விகிதம்: 1:87. நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. எச்ஓ தண்டவாளத்தின் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளக் கம்பிகளின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, 16.5 மி.மீ. இதை 87-ஆல் பெருக்கினால் ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜான 1,435 மி.மீ. வந்துவிடும். நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.26. ஆக, கடையில் கிடைக்கும் எச்ஓ பாதை நம் வண்டிகளுக்குக் கிட்டத்தட்ட 2.8 மி.மீ. குறுகல்.

கேட்டால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஐசிஎஃப் பெட்டியின், அதாவது சென்னை ஐசிஎஃப் ஆலையின் பழைய வகைப் பெட்டியின், அகலமே 3,245 மி.மீ., எச்ஓவில் 37.3. அத்தனை அகலமான பெட்டிக்கு அடியில் 16.5-ல் சக்கரம் வைத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். வடிவமைப்பவர் முன் மூன்று வழிகள் உண்டு. போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் வண்டியின், பக்கச் சட்டத்தை நிஜ அகலத்திலேயே வைத்துச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விடலாம். சட்டத்தையும் சேர்த்து உள்ளே தள்ளலாம். அல்லது பெட்டியையே கொஞ்சம் ஒல்லியாக்கலாம். முதல் வழிதான் சிறந்தது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, அதாவது நாம் மாடலைப் பார்க்கும் பெரும்பாலான நேரத்தில், எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாவது வழி மோசம். வேறு கம்பெனியின் பெட்டியை அதன் பின்னால் மாட்டியதுமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அறிவிப்பில் முன்பக்கப் படம் இருந்தால் இதை அளந்துவிடலாம். பெட்டியின் அகலத்தைச் சக்கரங்களின் உள்பக்க இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். எச்ஓவில் சக்கரங்களின் முதுகுக்கு முதுகு 14.3 முதல் 14.5 மி.மீ. இருக்கும். 37.3-ஐ 14.4-ஆல் வகுத்தால் 2.6 வர வேண்டும். 2.4 வந்தால் பெட்டி ஒல்லி.

என் ஸ்கேலிலும் இதே கதைதான். 1:160-ல் நம் பாதை 10.5 மி.மீ. இருக்க வேண்டும், கிடைப்பது 9. பிரிட்டிஷ் ஓஓ ஸ்கேலில், அதாவது 1:76-ல், இன்னும் மோசம். அதே 16.5 மி.மீ. பாதையில் இன்னும் பெரிய வண்டி. மீட்டர் கேஜ் ரசிகர்கள் அதிர்ஷ்டசாலிகள். எச்ஓஎம் எனப்படும் 12 மி.மீ. பாதை 1,000 மி.மீ. கேஜுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது.

நீளமும் வளைவும்

இந்திய மாடல் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. எச்ஓவில் 245. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய வகையான எல்எச்பி பெட்டி 23,540 மி.மீ., எச்ஓவில் கிட்டத்தட்ட 271. ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பெட்டிகள் எச்ஓவில் 303 மி.மீ. வரும். வீட்டு மேசை வளைவில் அவை திரும்பச் சிரமப்படுவதால் சில கம்பெனிகள் நீளத்தை மட்டும் சுருக்கி 282 மி.மீ. ஆக்கி விற்றன. நம் எல்எச்பி அந்தச் சுருக்கிய அளவைவிடவே குட்டை. எனவே எல்எச்பி மாடலைச் சுருக்க எந்த அவசியமும் இல்லை. அறிவிப்பில் நீளம் 271-ஐவிட ஐந்தாறு மி.மீ.க்கு மேல் குறைவாக இருந்தால், வேறு பெட்டியின் அடித்தளத்தில் எல்எச்பி உடலை ஒட்டுகிறார்களோ என்று கேளுங்கள். பஃபர் (முனையில் உள்ள இடிதாங்கி), கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) உட்பட நீளமா, உடல் நீளம் மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி வளைவு. நீளமான பெட்டி வளைவில் போகும்போது நடுப்பகுதி உள்பக்கமும் இரண்டு முனைகளும் வெளிப்பக்கமும் பிதுங்கும். எவ்வளவு பிதுங்கும் என்பது போகி மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. எல்எச்பியில் அது 14,900 மி.மீ., எச்ஓவில் 171. பரவலாகக் கிடைக்கும் இரண்டாம் ஆர வளைவு 438 மி.மீ. அதில் எல்எச்பி பெட்டியின் நடுப்பகுதி பாதை மையத்திலிருந்து சுமார் 8.4 மி.மீ. உள்ளே வரும். பாதி அகலத்தையும் கூட்டினால் உள்விளிம்பு மையத்திலிருந்து 27 மி.மீ. தள்ளி இருக்கும். முனையின் வெளிமூலை 30 மி.மீ. தள்ளி இருக்கும்.

பக்கத்துப் பாதையில் இன்னொரு எல்எச்பி வந்தால்? ஹார்ன்பி கம்பெனியின் ஆயத்தப் பாதையான செட் டிராக்கில் இரண்டு பாதைகளின் மையங்களுக்கு நடுவே 67 மி.மீ. உண்டு. உள்பாதை வண்டியின் வெளிமூலை 30, ஆரம் பெரிதான வெளிப்பாதையில் வண்டியின் உள்விளிம்பு 26, மொத்தம் 56. தப்பித்தோம், 11 மி.மீ. மிச்சம். ஆனால் பெக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் பாதையை அதன் வழக்கமான 50.8 மி.மீ. இடைவெளியிலேயே வளைத்துப் போட்டால் இரண்டு வண்டிகளும் உரசும். ஆரம் 610 மி.மீ. ஆனால்கூட 51 மி.மீ. தேவைப்படும். நேர்ப்பாதையில் 50.8 போதும், வளைவில் 60-க்குக் குறையக் கூடாது.

கணக்கு போடப் பிடிக்காதவர்களுக்கு ஒரு எளிய வழி. 271 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலத்தில் ஒரு கெட்டி அட்டையை வெட்டுங்கள். நீள வாக்கில் நடுக்கோடு போட்டு, அதன் மேல் 171 மி.மீ. இடைவெளியில், இரண்டு பக்கமும் சமமாக 50 மி.மீ. விட்டு, இரண்டு துளை போடுங்கள். துளைகளில் குண்டூசி செருகி, இரண்டு ஊசி முனைகளும் பாதையின் மையக் கோட்டிலேயே இருக்கும்படி அட்டையை வளைவு முழுக்க நகர்த்துங்கள். அட்டையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போனால் அந்தப் பெட்டிக்குத் தேவையான இடம் பலகையில் வரைபடமாகிவிடும். சிக்னல் கம்பமும் பிளாட்பார விளிம்பும் அந்தக் கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். மாடல் வருவதற்கு ஓராண்டு முன்பே இதைச் செய்துவிடலாம்.

பெங்களூரு பிளாட்டில் பெரும்பாலும் எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்றுதான் போட முடியும். அதன் அகலம் 1,220 மி.மீ. ஹார்ன்பியின் நான்காம் ஆரம் 571.5 மி.மீ. வட்டத்தின் விட்டம் 1,143, இரண்டு பக்கமும் எல்எச்பி மூலைக்கு 27.6 வீதம் சேர்த்தால் 1,198. பலகை விளிம்பில் இரண்டு பக்கமும் 11 மி.மீ. மட்டும் மிஞ்சும். ஓடும், ஆனால் விளிம்பில் ஒரு சின்னத் தடுப்புச் சட்டம் அடிப்பது நல்லது. கீழே விழுந்த மாடலின் கைப்பிடிக் கம்பிகளை மறுபடி ஒட்டுவது நரக வேலை.

வந்தே பாரத் மாடல் அறிவிக்கப்பட்டால் பதினாறு பெட்டி ஆசை வேண்டாம். 2022 நவம்பர் 11 அன்று கேஎஸ்ஆர் பெங்களூரு நிலையத்தில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–மைசூரு வந்தே பாரத் பதினாறு பெட்டி வண்டி. பெட்டிக்கு 24 மீட்டர் என்று வைத்தால் எச்ஓவில் 4.4 மீட்டர். பத்தடி அறையின் சுவரே 3 மீட்டர்தான். என் ஸ்கேலில் 2.4 மீட்டர். கம்பெனிகளுக்கும் இது தெரியும், அதனால் நாலு பெட்டி அடிப்படை செட்டும் கூடுதல் பெட்டிப் பொட்டலங்களும் என்றுதான் விற்பனைத் திட்டம் போடுவார்கள். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே: கூடுதல் பெட்டிகள் அதே தயாரிப்புத் தவணையில் வருமா? இரண்டு ஆண்டு கழித்து வந்தால் வெள்ளையின் சாயல் மாறியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பெட்டிகளில் அது பளிச்சென்று தெரியும்.

மோல்டும் ஜன்னல் கம்பியும்

மாடலின் உடல் உருக்கு மோல்டுக்குள் உருகிய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைச் செலுத்தி எடுக்கப்படுகிறது. மோல்டு செய்வதுதான் பெரும் செலவு. ஒருமுறை செய்துவிட்டால் அதிலிருந்து எத்தனை வகை எடுக்க முடியும் என்பதை வைத்தே கம்பெனி லாபம் பார்க்கும். அடுத்து என்ன வரும் என்று கணிக்க நினைப்பவர்கள் இந்த வழியில்தான் யோசிக்க வேண்டும். ஒரு எல்எச்பி ஏசி த்ரீ டயர் வந்துவிட்டதா? கூரை, முனைச் சுவர், போகி, அடித்தளம் எல்லாம் தயார். பக்கச் சுவருக்கு மட்டும் புது மோல்டு போட்டால் ஏசி டூ டயர், ஏசி முதல் வகுப்பு, சேர் கார். அதன் பின் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பெட்டியான பவர் கார். அதுவும் வந்தால் ராஜ்தானி செட் கிட்டத்தட்ட முழுமையாகிவிடும்.

ஆனால் ஸ்லீப்பர் பெட்டி தாமதமாகும். காரணம் ஜன்னல் கம்பி.

ஏசி பெட்டியின் ஜன்னல் வெறும் கண்ணாடி. ஒரு தெளிவான பிளாஸ்டிக் துண்டு போதும். ஸ்லீப்பரிலும் பொதுப் பெட்டியிலும் ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்குக் கம்பிகள் உண்டு. கம்பி 15 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் எச்ஓவில் 0.17 மி.மீ. செலுத்து மோல்டில் 0.3-க்குக் கீழே நம்பகமாக எடுப்பது கடினம். பிளாஸ்டிக் அந்தச் சந்து வரை ஓடுவதற்குள் ஆறிவிடும், அல்லது மோல்டிலிருந்து தள்ளும்போது கம்பி ஒடியும். 0.3-இல் எடுத்தால் நிஜத்தில் 26 மி.மீ. கம்பிக்குச் சமம், சிறைக் கதவு போல இருக்கும். நல்ல வழி, 0.15 அல்லது 0.2 மி.மீ. உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்துக் கம்பித் தட்டியாக எடுத்து உள்பக்கம் ஒட்டுவது. மலிவு வழி, தெளிவான ஜன்னல் துண்டின் மேலேயே கோடு அச்சடிப்பது. நேராகப் பார்த்தால் அச்சடித்தது பரவாயில்லை. சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியின் தடிமன் காட்டிக் கொடுத்துவிடும், அதோடு ஷட்டர் திறந்த ஜன்னல் என்ற தோற்றமே வராது. அறிவிப்பில் ஸ்லீப்பர் என்று பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கம்பி அரித்த தகடா, அச்சா?

ஏபிஎஸ் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். 271 மி.மீ. பெட்டியில் அது 1.1 முதல் 1.9 மி.மீ. மோல்டைப் பெரிதாக வெட்டி இதைச் சரிக்கட்டுவார்கள். நீளத்தில் பிரச்சினை வருவது குறைவு, சுவர் சீராக ஆறாவிட்டால் பக்கம் வளைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், இன்னொரு முனையில் கெட்டிச் சுவர் உள்ள வடிவங்களில் இது அதிகம். முதல் வார்ப்பு மாதிரியின் படம் வரும்போது, பெட்டியின் கீழ் விளிம்பை ஒரு ஸ்கேலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் எதைச் சொல்வது

கம்ப்யூட்டர் வரைபடம், முப்பரிமாண அச்சு மாதிரி, மோல்டு, வண்ணமற்ற முதல் வார்ப்பு, வண்ணமிட்ட மாதிரி, பிறகு தயாரிப்பு. வரிசை ஏறக்குறைய எல்லோருக்கும் இதுதான். வரைபடக் கட்டத்தில் எதையும் மாற்றலாம். உருக்கை வெட்டிய பின் நிலைமை வேறு. மோல்டில் உருக்கை இன்னும் குடைந்தால் பிளாஸ்டிக்கில் அந்த இடம் புடைக்கும், அது எளிது. பிளாஸ்டிக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டுமென்றால் மோல்டில் உருக்கைச் சேர்க்க வேண்டும். வெல்டிங் அல்லது தனித் துண்டு பொருத்துதல், இரண்டும் செலவு. அதனால் “விட்டுப்போன ஒரு போல்ட்டைச் சேருங்கள்” என்பதை முதல் வார்ப்புக்குப் பிறகுகூடச் சொல்லலாம், ஏற்க வாய்ப்பு உண்டு. “மூக்கு பெரிதாக இருக்கிறது, குறையுங்கள்” என்பதை வரைபடத்திலேயே சொல்லியாக வேண்டும்.

சொல்லும்போது அளவோடு சொல்லுங்கள். “போகி சரியில்லை” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எல்எச்பியின் ஃபியட் போகியில் ஆக்சில் இடைவெளி 2,560 மி.மீ., ஐசிஎஃப் போகியில் 2,896. இரண்டிலும் சக்கர விட்டம் 915. பக்கவாட்டு வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, ஆக்சில் இடைவெளியைச் சக்கர விட்டத்தால் வகுங்கள். எல்எச்பிக்கு 2.8, ஐசிஎஃபுக்கு 3.17 வர வேண்டும். எல்எச்பி மாடலில் 3.1 வருகிறதென்றால் ஐசிஎஃப் போகியை மேலே முகம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இப்படி எண்ணோடு போகும் கடிதத்தை வடிவமைப்பவர் படிப்பார்.

ஒப்பிட நிஜ வண்டி வேண்டுமா? பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா டெர்மினலில் எல்எச்பி ரேக்குகள், அதாவது கோத்த பெட்டி வரிசைகள், நிற்கும்போது எதிர் பிளாட்பார்மில் இருந்தே போகியின் சட்டம், டேம்பர் (அதிர்வு தணிப்பான்) எல்லாம் தெரியும். படத்தை வண்டிக்கு நேர் எதிரே, சக்கர மட்டத்துக்கு எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்து எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் அளக்க முடியாது. பாதையில் இறங்குவது கூடவே கூடாது. பழைய வண்டிகளுக்கு 1979-ல் தொடங்கிய மைசூரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வண்டியின் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இன்ஜினுக்குள்

டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினின் நீளம் 20,562 மி.மீ., எச்ஓவில் 236. உடல் முழுக்க மூடிய பெட்டி, உள்ளே இடம் தாராளம். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் ஃபிளைவீல், அங்கிருந்து இரண்டு போகிக்கும் தண்டு, போகிக்குள் கியர் கோபுரம். இந்த அமைப்புக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் மூன்று ஆக்சில் போகியில். ஆக்சில்கள் 1,850 மி.மீ. இடைவெளியில், மொத்தம் 3,700, எச்ஓவில் 42.5 மி.மீ. இது 438 மி.மீ. வளைவில் நுழையும்போது நடு ஆக்சில் அரை மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். 360 மி.மீ. வளைவில் 0.63. அப்படி அசைய இடம் இல்லாவிட்டால் முனை ஆக்சில் ஏதாவது ஒன்று பாதை மேல் ஏறிவிடும். “குறைந்தபட்ச ஆரம்” என்று அறிவிப்பில் எழுதுவது இதை வைத்துத்தான். எழுதாமல் விட்டிருந்தால் கேளுங்கள். கேட்டும் பதில் வராவிட்டால் 500 மி.மீ.க்குக் கீழே ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் வேறு ரகச் சவால். இன்ஜினை மூடும் கூடான ஹூட் ஒல்லி, இருபுறமும் நடைபாதை, கைப்பிடிக் கம்பிகள். 32 மி.மீ. கம்பி எச்ஓவில் 0.37. உலோகக் கம்பியென்றால் 0.4-ல் அழகாக வரும், பிளாஸ்டிக் என்றால் 0.5, 0.6 ஆகித் தடித்துவிடும். அதோடு இந்த வண்டியை வடிவமைத்த அமெரிக்கக் கம்பெனி ஆல்கோவின் டிரைமவுண்ட் போகியில் நடு ஆக்சில் சரிநடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். சம இடைவெளி உள்ள ஏதோ ஒரு போகியைக் கடன் வாங்கியிருந்தால் பக்கவாட்டுப் படத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கிருஷ்ணராஜபுரம் ஷெட்டின் ஆல்கோ வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் கண் அதை மன்னிக்காது. சிறிய தயாரிப்பாளர்கள் அதே டிரைமவுண்ட் போகி உள்ள அமெரிக்க ஆல்கோ ஆறு ஆக்சில் டீசல் மாடலின் சேஸிஸ் மேல் தங்கள் உடலைப் பொருத்தினால் இந்தப் பிரச்சினை வராது, அது நேர்மையான, புத்திசாலித்தனமான வழி. எந்தச் சேஸிஸ் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

கட்டளைகளைப் புரிந்து இன்ஜினை இயக்கும் சிப்பான டிகோடரைச் செருகும் சாக்கெட்டைத் தவறாமல் பாருங்கள். டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுபவர்களுக்கு இது உயிர்நாடி. நம் இன்ஜினில் இரண்டு முனையிலும் தலை விளக்கு, சிவப்பு மார்க்கர், மஞ்சள் ஃபிளாஷர், கேபின் விளக்கு என்று தனித்தனியே எரிய வேண்டுமென்றால் எட்டு வழிகள் தேவை. பழைய 8 ஊசி சாக்கெட்டில் விளக்குகளுக்கு மூன்று வழிதான். 21 ஊசி அல்லது பிளக்ஸ்22 சாக்கெட் இருந்தால் நிம்மதி. “ஒலி பொருத்தத் தயார்” என்று போட்டிருந்தால் ஸ்பீக்கருக்கு இடம் எங்கே, என்ன அளவு என்று கேளுங்கள். டபிள்யூடிஎம்-2-க்கு இது கூடுதல் முக்கியம். ஆல்கோ 251 இன்ஜினின் அந்தத் தாளம் கனத்த ஒலி, கட்டைவிரல் நகமளவு ஸ்பீக்கரில் அது வராது.

கப்ளருக்கு ஐரோப்பிய மாடல் தரமான என்இஎம் 362 பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பிடித்த கப்ளரை மாற்றிக்கொள்ளலாம். ஐசிஎஃப் பெட்டியில் பக்க பஃபர்கள் உண்டு. வளைவில் பெட்டிகளைத் தானே விலக்கிவிடும் குளோஸ் கப்ளிங் பொறி இல்லாமல் பஃபர்களை ஒட்ட வைத்து ஓட்டினால், எதிரெதிர் வளைவில் ஒரு பஃபர் மற்றதன் பின்னால் மாட்டிப் பெட்டியைத் தூக்கிவிடும். இரண்டு எதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது, அதாவது 270 மி.மீ., நேர்ப்பாதை போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

எழுத்தும் எண்ணும்

நம் பெட்டிகளில் பல மொழி எழுத்து. நிஜத்தில் 100 மி.மீ. உயர எழுத்து எச்ஓவில் 1.15 மி.மீ. அச்சுக் கம்பெனிக்கு இந்த எழுத்துகள் தெரியாது, வெறும் வடிவம்தான். ஒற்றுப்புள்ளி விழுவதும் கன்னட எழுத்தின் தலைக்கட்டு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். வண்ணமிட்ட மாதிரிப் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். தயாரிப்புக்கு முன் திருத்தக்கூடிய பிழை இது, செலவும் குறைவு.

பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. ஐசிஎஃப் வடிவப் பெட்டிகளின் தயாரிப்பு 2018 ஜனவரியோடு நின்றது. எனவே ஐசிஎஃப் மாடலில் 20 என்று தொடங்கும் எண் இருந்தால் கேள்வி எழுப்பலாம். ஒரே எண்ணில் எல்லாப் பெட்டியும் வருமா, வெவ்வேறு எண்களா என்பதும் முன்பதிவுக்கு முன் தெரிய வேண்டும். ஒரே எண்ணில் ஆறு ஸ்லீப்பர் நின்றால் ரேக் என்று சொல்ல மனம் வராது.

பணம்

வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கி முடிவெடுக்காதீர்கள். மாடல் ரயில்கள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கடைக்காரர் சரக்காக இறக்கினால் இதன் மேல் ஐஜிஎஸ்டி. தனிநபர் பார்சலுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். பணம் கட்டும் வாரத்தில் நடப்பில் உள்ள விகிதத்தைக் கூரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்நாட்டுத் தயாரிப்பாளரிடம் முன்பதிவு செய்தால் வரித் தலைவலி இல்லை. அங்கே கேட்க வேண்டியவை: முன்பணம் திரும்பக் கிடைக்குமா, விலை ஏறினால் யார் ஏற்பது, மோட்டாரும் கியரும் தனியாகக் கிடைக்குமா. முழுப் பணத்தையும் வரைபடக் கட்டத்திலேயே கேட்பவரிடம் கட்டாதீர்கள். முதல் வார்ப்பின் படம் வந்த பின் பெரும்பகுதியைக் கட்டுவதே இரண்டு தரப்புக்கும் நியாயம்.

காத்திருக்கும்போதும் வந்த பிறகும்

காத்திருக்கும் மாதங்களில் பாதையைச் சரிசெய்யுங்கள். நம் 60 கிலோ ரகத் தண்டவாளக் கம்பியின் உயரம் 172 மி.மீ., எச்ஓவில் 1.98. பெக்கோவின் கோட் 75 பாதை 1.9 மி.மீ. என்பதால் தோற்றத்துக்கு அதுவே பொருத்தம். கோட் 100 என்பது 2.54, உயரமாகத் தெரியும். ஆனால் பழைய மாடல்களின் ஆழமான சக்கர விளிம்பு கோட் 75-ல் ஆணித் தலையில் இடிக்கலாம். பழைய வண்டிகளும் ஓட வேண்டுமென்றால் கோட் 100-லேயே இருப்பது புத்திசாலித்தனம்.

மாடல் கைக்கு வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை சில. எடை போடுங்கள். அமெரிக்க மாடல் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும். ஐசிஎஃப் பெட்டிக்குச் சுமார் 165 கிராம், எல்எச்பிக்கு 180. குறைவாக இருந்தால் தரைக்குக் கீழே, போகி மையங்களுக்கு நடுவே ஈயமோ இரும்புத் தகடோ ஒட்டலாம். கூரைப் பக்கம் ஒட்டினால் வளைவில் சாயும். சக்கர முதுகு இடைவெளியை டிஜிட்டல் வெர்னியரில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் அளவெடுங்கள். 14.3-க்குக் கீழே இருந்தால் பாதை பிரியும் பாயிண்டில் தடுக்கும், சக்கரத்தை மெதுவாகத் திருகியபடி வெளியே இழுத்தால் சரியாகும். உள்விளக்கு பொருத்த பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெள்ளை எல்இடியும் கால் வாட் ரெசிஸ்டரும் கிடைக்கும். டிசிசியின் 16 வோல்ட்டில் ஒரு எல்இடிக்கு 2.7 கிலோ ஓம் போட்டால் சுமார் 5 மில்லி ஆம்பியர், பெட்டிக்கு அது கூசும் வெளிச்சம். 4.7 கிலோ ஓம் போட்டால் இரவு வண்டியின் மங்கல் வரும்.

இன்ஜினைப் பெட்டி எதுவும் மாட்டாமல் பாதி வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி ஓட்டுங்கள். அதன் பிறகு உங்கள் பலகையின் மிக இறுக்கமான வளைவில் மெதுவாக விடுங்கள். நடு ஆக்சில் நகர்வதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே ரேக்கை மாட்டுங்கள்.